குழம்பு மீன்

அவன் கையை உடைத்தவள் நான்தான்.

ஐந்து வருஷம் பழகினோம். அவன் வீட்டில் என்னைக் கட்டிவைக்க முடியவே முடியாது என்று ஒற்றைக்காலில் நின்று, மணப்பட்டில் பெண் பார்த்து நிச்சயமும் பண்ணிவிட்டார்கள். அவன் பனித்திட்டில் படகுக்குப் போகிறவன். நான் அதே கரையில் மீனை ஏலம் எடுத்துப் பாகூரில் விற்கிறவள். தினமும் அவன் முகத்தில் முழித்தே ஆக வேண்டும். "பிரண்டா இருந்துட்டுப் போவோம்டி" என்றான். சரி என்றேன். அவனை விட எனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

படகில் போகிறவர்கள் ஏலத்துக்கு முன்பே ஆளுக்குக் கொஞ்சம் குழம்பு மீன் எடுத்துக்கொள்வார்கள். அது விற்க அல்ல, வீட்டுக்கு. எவன் பை எந்தப் பெண்ணின் கைக்குப் போகிறதோ, அவள் அவன் வீட்டுக்காரி என்று எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிச்சயத்துக்கு அப்புறமும் அவன் பை என் கைக்கே வந்தது. தெரிந்தேதான் வாங்கினேன். பிரண்டு கொடுக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு காலையில் அவனுக்கு நிச்சயம் பண்ணின பெண்ணின் அண்ணன் கரைக்கு வந்துவிட்டான். என் கையிலிருந்த பையைப் பிடுங்கி மணலில் அடித்தான். துடுப்பை எடுத்து, பை கொடுத்தவன் முதுகில் இரண்டு போட்டான்.

"இன்னாடா, எந்தங்கச்சிக்குத் தாலி, இவளுக்குக் கொழம்பு மீனா?"

குறுக்கே பாய்ந்தேன். மூன்றாவது அடி என் தோளில் விழுந்தது. அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவன் சொன்னான்: "நான் இன்னா பண்றது மச்சான்? அவதான் தெனமும் வந்து நிக்கிறா. பாவம்னு குடுத்தேன்."

பாவமா! நானா பாவம்? ஐஸ் உடைக்கிற கட்டை பக்கத்தில் கிடந்தது. தூக்கி அவன் வலது கையில் போட்டேன். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. மறுபடி ஓங்கினேன். அவனை அடிக்க வந்தவனே என்னைப் பிடித்து இழுத்தான். "வுடுய்யா, இவன கொன்னுட்றேன்" என்று கத்தினேன். விட்டிருந்தால் கொன்றுதான் இருப்பேன்.

கை கூடும் வரை அவன் கடலுக்குப் போகவில்லை. கல்யாணத் தேதியைத் தள்ளிவைத்தார்கள். அவன் அம்மாவுக்கு மீன் கொண்டுவர வேறு ஆள் இல்லை. உடைத்தவள் நான், அதனால் நான் ஏலம் எடுத்ததிலிருந்தே குழம்பு மீனைத் தினமும் அவள் வாசலில் வைத்தேன். "நாசமாப் போறவளே" என்று திட்டிக்கொண்டே எடுத்துக்கொள்வாள்.

கட்டுப் பிரித்து முதல்முறை கடலுக்குப் போய் வந்த அன்று, நேராக என்னிடம் வந்து பையை நீட்டினான். கை இன்னும் முழுசாக நீளவில்லை.

"கோவம் போச்சா? பிரண்டுதான?"

"பாவம்னு குடுக்கிறியா, பிரண்டுன்னு குடுக்கிறியா?"

பையை என் கைக்குள் திணிக்கப் பார்த்தான்.

"ஏலத்துல கொட்டு. எடுத்துக்கிறேன்."

கொட்டினான். எல்லோரோடும் சேர்ந்து நானும் விலை கேட்டு, காசு கொடுத்து வாங்கினேன். பாகூரில் கூடையை இறக்கியதும் முதலில் விலை கேட்ட பெண்ணுக்கு அந்த மீனைத்தான் தள்ளிவிட்டேன். வீட்டுக்கு ஒரு துண்டுகூட எடுத்துப் போகவில்லை. அன்றைக்கு ரசம்தான் வைத்தேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அழுகை வந்தது.