இன்னொரு கம்பனியின் வரலாறு

பாடமாக்குவதில் என்னை விழுத்த ஆளில்லை என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எனக்கொரு திமிர். விளங்குதோ இல்லையோ, பந்தி பந்தியாக நெட்டுருப் பண்ணி, பரீட்சை மண்டபத்தில் மூச்சு விடாமல் கொட்டிவிட்டு வருகிற கூட்டம் நாங்கள். அந்தத் திமிர் ஐம்பத்து மூன்று வயதில், பாரிசில் வைத்து, என்னை வசமாக மாட்டிவிட்டது.

எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஓர் உணவகத்துக் குசினியில் பதினெட்டு வருடம் சட்டி கழுவினேன். முதுகு போய்விட்டது. இனிப் பாரம் தூக்கக் கூடாது, நாள் முழுக்கக் குனிந்து நிற்கக் கூடாது என்று வைத்தியர் எழுதித் தந்துவிட்டார். நான் வீட்டில் இருக்க, மனைவி பகல் வேலை போதாதென்று விடியக்காலையில் அலுவலகம் துடைக்கும் வேலை ஒன்றையும் எடுத்தாள். நாங்கள் குடியிருந்த பியர்ஃபித்திலிருந்து முதல் ரயிலைப் பிடிக்க நான்கு மணிக்கு எழும்புவாள். என்னைக் குழப்பக் கூடாதென்று லைற்றைப் போடாமல் உடுத்துவாள். நானும் நித்திரைபோலவே கிடப்பேன். வெட்கக்கேடு. எனக்கு ஒரு வேலை கிடைத்தால் அவள் அந்த வேலையை விடலாம். வீட்டில் கிடந்த அந்த ஒன்பது மாதமும் எனக்கு வேறு யோசனை இருக்கவில்லை.

கடைசியில் ஓர் அழைப்பு வந்தது. யப்பான் கார் விற்கும் இடமொன்றில் உதிரிப்பாகப் பகுதிக்கு ஆள் தேவையாம். கணினியில் இலக்கம் பார்த்து, பாகத்தை எடுத்து மெக்கானிக்கிடம் கொடுக்கிற வேலை. பாரமானவற்றுக்குத் தள்ளுவண்டி இருக்கிறதாம். வேலைவாய்ப்பு அலுவலகப் பெண், "போகுமுன் கம்பனியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள்" என்றாள்.

கொஞ்சமாம்! யாரிடம் சொல்கிறாள்?

அந்தக் கம்பனி முதலில் தறிதான் செய்தது என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். தேடியபோது, தறி செய்து கார் செய்த யப்பான் கம்பனியின் கதை என்று கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ அகப்பட்டது. அதை அப்படியே பிரெஞ்சில் இரண்டு பக்கமாக எழுதினேன். ஒரு தச்சர் இருந்தார். தாய் தறியில் கிடந்து மாய்வதைப் பார்க்கப் பொறுக்காமல் அவளுக்கு இலகுவான தறி ஒன்று செய்து கொடுத்தார். தறி பட்டறையானது, பட்டறை தொழிற்சாலையானது. உலகப் போருக்குப் பிறகு அந்த வியாபாரம் படுத்துவிட்டது. குடும்பத்தில் ஒருவர் சைக்கிளில் மீன்பிடிக்கப் போய், எதிர்க்காற்றில் மிதித்துக் களைத்து, இதற்கு ஒரு மோட்டர் பூட்டினால் என்ன என்று யோசித்தார். பிறகு மோட்டர் சைக்கிள், அதற்குப் பிறகு சின்னக் கார். ஒரு கிழமை இதையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். லா சப்பல் தெருவில் தெரிந்த ஒருவர் மறித்து, "என்னண்ணை, விரதமோ? மந்திரம் சொல்லுறியள்" என்று கேட்டார். மனைவி வேலையால் வந்த களைப்போடு கொப்பியைப் பிடித்துக்கொண்டு, நான் சறுக்கும் இடங்களில் எடுத்துக் கொடுத்தாள்.

நேர்முகத்தில் இருந்தவர் அந்தப் பகுதியின் பொறுப்பாளர், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்த பருத்த மனிதர். "எங்களைப் பற்றி என்ன தெரியும்?" என்றார். தொடங்கினேன். தச்சர், தாய், தறி. அவருக்குப் புளுகம், முகம் மலர்ந்து தலையை ஆட்டினார். அப்போதுதான் அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். கம்பனியின் வரலாறு வரிசையாகப் படம் போட்டு மாட்டியிருந்தது. தறி இருந்தது. அந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்துக்காரருக்கு விற்ற படம் இருந்தது. தறி செய்தவரின் மகன் செய்த முதல் கார் இருந்தது. சைக்கிள் இல்லை. மீன்பிடிக்கப் போனவரும் இல்லை.

தறியிலிருந்து காருக்கு வந்த கம்பனிகள் யப்பானில் இரண்டு இருக்கின்றன என்று எனக்கு யார் சொன்னார்கள்? இரண்டிலும் ஒரு தாய், இரண்டிலும் தாய்க்குத் தறி செய்த பிள்ளை. என் வாய் அதற்குள் மீன்பிடிக்கப் போய்விட்டது. நெட்டுருப் பண்ணியவனால் நடுவில் நிற்க முடியாது. நின்றால் அடுத்த சொல் வராது. வியர்க்க வியர்க்கச் சின்னக் கார் வரைக்கும் ஓட்டி முடித்தேன்.

பேசாமல் இருந்திருக்கலாம். அவர் கவனிக்காமலும் விட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சுவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "மன்னிக்க வேண்டும் ஐயா, நான் சொன்னது உங்கள் கம்பனியின் வரலாறில்லை, இன்னொரு கம்பனியுடையது. பிழை என்னுடையது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதிவிட்டு, "அழைக்கிறோம்" என்றார். பாரிசில் அப்படிச் சொன்னால் அழைக்க மாட்டார்கள் என்பது வந்த முதல் மாதத்திலேயே நாங்கள் படிக்கிற பாடம்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அந்த மீன்பிடிக்கப் போன மனுசனிலை எனக்கு அப்பவே சந்தேகம். தறியோடை நிப்பாட்டியிருக்கலாமெல்லே?" என்றாள். அடுத்த நாளும் நான்கு மணிக்கு எழும்பிப் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை லா சப்பலில் மரக்கறிக் கடைக்குள் இருவரும் நிற்கும்போது தொலைபேசி அடித்தது. அந்தப் பொறுப்பாளர்தான். "சைக்கிள் வரும்வரைக்கும் நன்றாகத்தான் போனது" என்று இப்போது சிரித்தார். பிறகு சொன்னார்: "எங்கள் தறியைப் பற்றி ஒன்று உங்களுக்குத் தெரியாது. ஒரு நூல் அறுந்தால் அது தானாக நின்றுவிடும். பழுதான துணி வெளியே வராது. இங்கே பிழையான பாகத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால், கழற்றிய கார் இரண்டு நாள் திறந்தபடி கிடக்கும். நீங்கள் கொஞ்சம் பிந்தித்தான் நின்றீர்கள். ஆனாலும் நீங்களாகவே நின்றீர்கள். ஒன்றாம் திகதி வாருங்கள். நிரந்தர வேலை."

நன்றி என்று எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. மனைவி கையில் முருங்கைக்காயோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னவாம்?"

"வேலை தந்திட்டாங்கள். வாற மாதத்தோடை அந்த விடியக்காலை வேலையை விடும். நீர் இனி நாலு மணிக்கு எழும்பத் தேவையில்லை."

துள்ளுவாள் என்று நினைத்தேன். அவள் முருங்கைக்காயைத் திரும்ப வைத்துவிட்டு, பக்கத்தில் அடுக்கியிருந்த அரிசி மூட்டையின்மேல் மெதுவாக இருந்தாள். ஆட்கள் விலகிப் போக வழியில்லாமல் நின்றார்கள். எழும்பும், வீட்டை போவம் என்று கையைப் பிடித்தேன்.

"கொஞ்சம் இருக்க விடுங்கோப்பா" என்றாள். "நல்லாக் களைச்சுப் போனன்."