கிராணி போட்ட வயது

மாமாவின் ஐசியை, அந்த நீல அடையாள அட்டையை, பதிவு அலுவலகத்தில் ஒப்படைத்தேன். கவுண்டரில் இருந்த பெண் பார்த்துவிட்டு, "எண்பத்து நாலா? நல்ல வயசுதான்" என்று மலாயில் சொன்னாள். தலையாட்டினேன். அந்த எண்ணைச் சொல்லித்தான் அவரைச் சாகவிட்டேன் என்று அவளிடமா சொல்ல முடியும்?

அம்மாவின் தம்பி அவர். கல்யாணம் கட்டவில்லை. அவர் வேலை செய்த தோட்டத்தைக் கம்பெனிக்காரர்கள் விற்று அங்கே வீடு கட்டத் தொடங்கியதும், ராசா என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். தினமும் காலையில் சைக்கிளை மிதித்துப் பசாருக்குப் போய் மீன் வாங்கி வருவார். இந்த வருடத் தொடக்கத்தில் மலத்தில் ரத்தம் போனது. குடலில் புற்றுநோய் என்றார்கள்.

அறுவை சிகிச்சை டாக்டர் தமிழ்ப் பெண், சின்ன வயது. "வயசு பெருசில்ல அக்கா. நடக்குறாரா, நல்லா சாப்பிடுறாரா, அதான் பாப்போம். இன்னும் பரவல, வெட்டி எடுத்துடலாம்" என்றாள். மாமா பக்கத்தில் தொடைமேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஏதோ கேட்க அவள் திரும்பினாள். நான் முந்திக்கொண்டேன். "எம்பத்து நாலு டாக்டர். இந்த வயசுல கத்தி வைக்க வேணாம்லா." எங்கள் சனம் அப்படித்தான். பெரியவர்கள் உடம்பைப் பற்றி அவர்களைத் தவிர எல்லாரும் பேசுவோம், அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்திருக்கிறோம். என் கவலையே வேறு. சுங்கை காடுட் ஃபேக்டரியில் எனக்கு லீவு மிச்சமில்லை. ஆபரேஷன் முடிந்தால் கூட இருந்து யார் பார்ப்பது? டாக்டர் அதை ஃபைலில் எழுதிக்கொண்டு, மறுபடி வரத் தேதி கொடுத்தாள்.

காரில் வரும்போது மாமா மெதுவாகச் சொன்னார். "ஐசியில உள்ளது தோட்டத்து ஆபீசுல கணக்கு எழுதுன கிராணி போட்ட வயசு தாயி. சின்னப் பையன்னா தோட்டத்துல வேலைக்கு எடுக்க மாட்டாங்கன்னு அஞ்சு வயச கூட்டி எழுதிட்டாரு. எனக்கு இன்னும் எம்பது ஆகல."

"அத அங்கயே சொல்றதுக்கு என்ன மாமா?" என்று எரிந்து விழுந்தேன்.

"என்னைய யாரு கேட்டா?"

அப்போதே காரைத் திருப்பியிருக்கலாம். அடுத்த அப்பாயிண்ட்மெண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு ஓட்டினேன். அந்த நாள் வருவதற்குள் குடல் அடைத்துக்கொண்டது. அவசர அவசரமாக வெட்டினார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் கல்யாணச் சாவு என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

கவுண்டர் பெண் இறப்புச் சான்றிதழை என் பக்கம் தள்ளி, எல்லாம் சரியா, ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பெயர் சரி. விலாசம் சரி. வயது எண்பத்து நாலு.

இந்தத் தடவையும் மாமாவுக்குப் பதிலாக நான்தான் சொன்னேன். சரி.