கோத்தகிரி வழி திறந்திருக்கிறது

கரண்ட் போனதும் யுபிஎஸ் கத்த ஆரம்பிக்கும்... பீப், பீப். குன்னூர் மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் எங்கள் வெப் டிசைன் ஆபீஸ். அந்தச் சத்தத்தோடு காயாத ஸ்வெட்டர் வாசனையும் சேர்ந்தே வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது.

கீழ்த்தளத்தில் வேன் டிரைவர்கள் சங்கம். அவர்களுடைய வெப்சைட் என் பொறுப்பு. செயலாளர் ரங்கசாமி அண்ணனுக்கு எல்லாமே வேண்டும். பக்கத்தின் தலையில் மலை ரயில் படம், இரண்டு பக்கமும் பூ, பச்சை மேல் சிவப்பு எழுத்து. எந்த ரோடு திறந்திருக்கிறது என்பது மட்டும் அடியில் பொடியாக ஓடிக்கொண்டிருக்கும்.

"அண்ணா, வர்றவங்க எதைத் தேடுறாங்களோ அதுதானுங்க பெருசா இருக்கோணும். சுத்தி எடம் விட்டாத்தான் கண்ணுல படும்."

"எடத்தைச் சும்மா விட்டா வேலை முடியலைன்னு நெனைப்பாங்க கண்ணு. படத்தைப் போடு."

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஒரு மத்தியானம், கரண்ட் போய் யுபிஎஸ் கத்திக்கொண்டிருந்தபோது, அருவங்காடு குவார்ட்டர்ஸிலிருந்து என் அக்கா வீட்டுக்காரர் கூப்பிட்டார். அக்காவுக்குச் சிக்கலான பிரசவம், கோயம்புத்தூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

"வலி வந்துருச்சு. வேன் ரெடியா நிக்குது. மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சுங்கறாங்க. பக்கத்து ஊட்டு கம்ப்யூட்டர்ல உங்க பேஜைத் தொறந்தா ரயில் படந்தான் வருது. ரோடு எங்க போட்டிருக்கு?"

"மாமா, கீழ பாருங்க..."

லைன் கட். திரும்பத் திரும்ப அடித்தேன்... டவரே போய்விட்டது.

கீழே ஓடினேன். கோயம்புத்தூரிலிருந்து கோத்தகிரி வழியாக அப்போதுதான் ஏறி வந்த ஒரு டிரைவர் தலை துவட்டிக்கொண்டிருந்தார். அந்த ரோடு திறந்திருக்கிறது என்றார். மேலே ஓடி வந்து ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தேன். பூ, பச்சை, ஓடும் வரி...

பின்னாலேயே ஏறி வந்த ரங்கசாமி அண்ணன், "ரயிலையுமா எடுக்கற?" என்றார்.

"எங்கக்கா வலியோட வாசல்ல நிக்கறாங்கண்ணா."

வெள்ளைப் பக்கம். கறுப்பில் இரண்டே வரி. மேட்டுப்பாளையம் ரோடு அடைப்பு. கோத்தகிரி வழி திறந்திருக்கிறது.

அண்ணன் திரைப் பக்கம் குனிந்தார். "எழுத்தை இன்னும் பெருசு பண்ணு கண்ணு."

பண்ணி நெட்டில் ஏற்றினேன். அப்புறம் யுபிஎஸ்ஸும் அடங்கிவிட்டது. மாமா பார்த்தாரா, அடைத்த ரோட்டில் போய்ச் சிக்கினாரா... உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தேன். அண்ணன் வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்தது.

இருட்டும் நேரத்தில் டவர் திரும்பியது. ஆஸ்பத்திரியிலிருந்து மாமாவின் போன்.

"பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. மறுபடி தொறந்தேன், ரெண்டே வரி. படிச்சதும் வண்டியக் கெளப்பிட்டோம்."

மழை ஓய்ந்ததும் ரயில் படம் திரும்பி வந்தது. ஆனால் அந்த இரண்டு வரிக்குக் கீழே. அண்ணனே அப்படித்தான் போடச் சொன்னார்.

இப்போது வீட்டிலிருந்தே எங்கெங்கோ இருக்கும் கம்பெனிகளுக்கு வெப் பக்கம் செய்கிறேன். அன்று பதறிப் போய்ச் செய்ததற்கெல்லாம் பெயர் இருக்கிறது... முக்கியமானதைப் பெரிதாக வைத்தால் ஹைரார்க்கி, வெள்ளை மேல் கறுப்பு கான்ட்ராஸ்ட், சுற்றி விட்ட இடம் ஒயிட் ஸ்பேஸ். மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். முடித்த பிறகும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை, ஏதாவது நகர்த்திக்கொண்டே இருக்கிறேன்.

அப்போது யார் பார்க்கப் போகிறார் என்று தெரியும். இப்போது எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மட்டும் சொல்கிறார்கள். அவர்களெல்லாம் எங்கே போகவேண்டிய அவசரத்தில் வந்தார்களோ...