கல்லாய் நின்ற டயர்

எனக்குக் காலில் சக்கரம். ஐம்பத்தெட்டு வயதாகியும் காலையில் ஒரு மணி நேரம் சைக்கிளில் சேந்தமங்கலத்திலிருந்து மலையடிவாரம் வரை போய் வராவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் என்னிடம் பேச முடியாது. வாசலில் என் கணவர் டயருக்குப் பம்பு அடிக்கிற சத்தம் கேட்டதும் காபியை மடமடவென்று குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் ஆபத்து வந்தது. படியில் வழுக்கி இடது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் சைக்கிள் ஓட்டினால் விரல்கள் மரத்துப்போயின. குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய ரோடு எங்களுடையது; ஒவ்வொரு குலுக்கலும் நேராகக் கைக்குத்தான் வரும்.

"கார்த்திகை முடியற வரைக்கும் பாருங்கம்மா. அப்பவும் மரத்துச்சுன்னா சைக்கிளை யாருக்காச்சும் குடுத்துருங்க. பிரேக் பிடிக்க முடியாம எங்கயாச்சும் உழுந்து வெப்பீங்க" என்று மகள் கெடு வைத்துவிட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

அதனால் முன்பக்கம் குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங், அதாவது சஸ்பென்ஷன், வைத்த சைக்கிள் வாங்கினேன். கடையில் உடம்பையே போட்டு அழுத்தியபோது மெத்து மெத்தென்று இறங்கியது. ரோட்டில் பெரிய பள்ளத்துக்கு மட்டும் ஒரு தடவை குனிந்து எழுந்தது. பொடிக்கல்லுக்கெல்லாம் அசையவே இல்லை. இரண்டாவது கிலோமீட்டரிலேயே விரல் மரத்தது.

என் கணவர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். சிரித்தார். "ஸ்பிரிங்கு லோடு இருந்தாத்தான் புள்ள வேலை செய்யும். காலி லாரியில உக்காந்து பாரு, குடலே வாய்க்கு வந்துரும். உன்ற எடைக்கு அது எங்க அசையும்?"

"அப்ப ரண்டு மூட்டை அரிசியை ஏத்திக்கிட்டுப் போகட்டுங்களா?"

"போனா மெத்துன்னுதான் இருக்கும்."

அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

கார்த்திகை பிறந்ததும் அவர் ஒரு கல்யாணத்துக்கு ராசிபுரம் போய் ஒரு வாரம் தங்கிவிட்டார். அந்த வாரத்தின் கடைசி நாள் மலையடிவாரத்தில் இறங்கித் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். இடது கையால் திறந்தேன், விரல் மரக்கவே இல்லை என்பது குடித்த பிறகுதான் உறைத்தது. சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு வாரமாகக் காற்றடிக்காத டயரை அழுத்தினால் கட்டைவிரல் கொஞ்சம் உள்ளே போனது.

லாரி ஓட்டிய காலத்தில் என் கணவர் விடிந்ததும் டயர்களை ஸ்பேனரால் தட்டிப் பார்ப்பார். 'டங்' என்று கேட்டால்தான் வண்டியை எடுப்பார். லாரி போன பிறகு என் சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்து, தினமும் காற்றடித்துக் கல்லாக்கிக்கொண்டிருந்தார். ரோட்டையும் சஸ்பென்ஷனையும் வீணாகத் திட்டியிருக்கிறேன்.

அவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, இனிமே காத்து அடிக்காதீங்க."

"காத்து கம்மியா ஓட்டுனா டியூப்பு நசுங்கிப் பஞ்சராயிரும் புள்ள. நடுரோட்டுல தனியா என்ன பண்ணுவ?"

மறுநாளும் அடித்தார். நான் தெருமுனை திரும்பியதும் இறங்கி, ஊக்கால் வால்வை அழுத்திக் கொஞ்சம் காற்றை விட்டுவிட்டுப் போனேன். பத்து நாள் இந்தத் திருட்டுத்தனம் நடந்தது. விரல்கள் தேறின. சஸ்பென்ஷன் நன்றாக வேலை செய்கிறது என்று மகளிடம் கூசாமல் பொய் சொன்னேன்.

பதினோராம் நாள் நான் திரும்பியபோது அவர் வாசலில் நின்றிருந்தார். டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். என்னைப் பார்த்தார். நான் தென்னைமரத்தைப் பார்த்தேன்.

மறுநாள் பம்பு சத்தம் வரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டாரோ என்று காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். சைக்கிளைத் துடைத்து நிறுத்தியிருந்தார். டயர் நேற்றிருந்த அதே மெத்து. கேரியரில் பம்பைப் பழைய டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"வழியில காத்து எறங்கிருச்சுன்னா அடிச்சுக்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்றைக்கு நான் மலையடிவாரம் வரை போகவில்லை. விரல் மரக்கவும் இல்லை. வைத்துவிட்டு வந்த காபியை அவரோடு உட்கார்ந்து குடிக்க வேண்டும்போல் இருந்தது; பாதி வழியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.