வெள்ளைப் பட்டும் மைப்பெட்டியும்

பள்ளிக்கூடம் போகாத பூங்காவனம், ஜப்பான்காரன் ஆண்ட காலத்துப் பசியைத் தாண்டினாள். தார்வாரிலிருந்து வந்த கிழிந்த சேலையொன்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, முடிச்சே இல்லாத கசூதித் தையலைத் தானே கற்றாள். காஜா பேராங் வட்டாரத்தில் கல்யாணச் சேலைக்குப் பூவேலை என்றால் அவளிடம்தான் வந்தார்கள். குடியுரிமை மனு கொடுக்கும் வரிசையில் நின்றவர்களிடம் அவள் அண்ணன் சேதுராமன் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனுக்களைப் பதிந்துகொண்டிருந்த கெரானி மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். “கட்டைவிரல வைங்கம்மா.”

“மை போக நாலு நாளாகும் சார். வெள்ளப் பட்டு பாதியில நிக்குது, வெள்ளிக்கிழமை கல்யாணம். பேனா குடுங்க. என் பேரத் துணியில தைச்சிருக்கேன்.”

அது சேதுராமன் துணியில் எழுதிக் கொடுத்த பெயர்; அதன்மேல்தான் அவள் தைத்திருந்தாள். பேனாவை அவள் தொட்டதே இல்லை. தாள் கெட்டால் மனுவும் போய்விடும்.

கசூதி போடுவது போலவே எழுதினாள். ஒரு சின்னக் கோடு, ஓர் இடைவெளி, மறுபடி கோடு என்று கடைசி எழுத்துவரை போனாள்.

“என்னக்கா, கோலத்துக்குப் புள்ளி வைக்கிறியா?” பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான்.

சேதுராமன் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். “பூங்கா, போதும்மா.”

“திரும்பி வரணும்ல, அண்ணே!”

கடைசி எழுத்திலிருந்து திரும்பி, விட்ட இடங்களை நிரப்பிக்கொண்டே முதல் எழுத்துக்கு வந்து சேர்ந்தாள். பெயர் முழுசாக நின்றது.

கெரானி அந்தப் பெயருக்குப் பக்கத்தில் தேதி முத்திரையைக் குத்தினார்: 4 நவம்பர் 1957.