பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கள் மனை உண்மையில் ஒரு பூங்கா என்று நகராட்சி கண்டுபிடித்தபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். பூங்கா காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. தாம்பரத்துக்குத் தெற்கே, ஏரியை ஒட்டி வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த பகுதி அது. நிலத்தைக் கூறுபோட்டு விற்றவர், வரைபடத்தில் ஓர் ஓரத்தைப் பொது உபயோகத்துக்கென்று ஒதுக்கிவிட்டு, பிறகு அந்த ஓரத்தையும் விற்றுவிட்டார். வாங்கியவர் என் அத்தா.

அத்தா திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் கேட், கிரில் செய்யும் வேலையில் இருந்தார். அம்மாவின் நகையெல்லாம் அந்த மனைக்குள் போயிருந்தது. வீடு கட்டும் நாள் வரும்வரை எதிர்வரிசையில் வாடகைக்கு இருந்தோம். வீடே இல்லாத மனைக்கு அத்தா தன் கையால் ஒரு பூப்போட்ட கேட் செய்து மாட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் திறந்து எங்களை உள்ளே கூட்டிப்போய், இது ஹால், இது சமையலறை என்று நடத்திக் காட்டுவார். சமையலறையில் ஒரு முருங்கை மரம் நின்றது.

ஒரு நாள் காலை நகராட்சி லாரி வந்தது. கேட்டைப் பெயர்த்துத் தெருவோரம் சாய்த்துவிட்டு, இந்த இடம் நகராட்சிக்குச் சொந்தம் என்று பலகை நட்டார்கள். நோட்டீஸ் கொடுத்தோம் என்றார்கள் அவர்கள். வரவே இல்லை என்றார் அத்தா. பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு அந்த ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ஒருவர் இன்னொருவரைப் பார்க்கச் சொல்வார். அந்த இன்னொருவர் எப்போதும் சைட்டுக்குப் போயிருப்பார். கடைசியில் ஒரு வக்கீல் கிடைத்தார். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது, இத்தனை வருஷம் உங்கள் கையில்தான் இருந்திருக்கிறது, கோர்ட்டில் ஒரு கை பார்க்கலாம் என்று அவர் தைரியம் சொன்னார். அன்று எங்கள் வீட்டில் பிரியாணி.

பிடுங்கிய இடத்தில் நகராட்சி பூங்கா எதுவும் போடவில்லை. சக்கரம் கழன்ற குப்பை வண்டிகளையும், மழைநீர்க் கால்வாய்க்கான பெரிய சிமென்ட் குழாய்களையும் கொண்டுவந்து போட்டது. அதைப் பார்த்துப் பார்த்துப் பெரியவர்கள் வயிறெரிந்தார்கள். எங்களுக்கோ குழாய்கள் கொண்டாட்டம். உள்ளே படுத்துக்கொண்டு பேசினால் குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் வரும். ஹால் இருந்த இடத்தில் கண்ணாமூச்சி ஆடினோம். நிலம் போனதில் எனக்கு நஷ்டம் எதுவும் தெரியவில்லை.

மனையின் பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடம். நானும் அக்காவும் அங்கேதான் படித்தோம். அரசுப் பள்ளி. கட்டடத்தில் பாதி ஒழுகியதால் பூட்டிவிட்டு, பெரிய வகுப்புகளைக் காலையிலும் சின்ன வகுப்புகளை மதியத்திலும் நடத்தினார்கள். போன வருஷம் பத்தாம் வகுப்பில் தேறியவர்களைவிடத் தேறாதவர்கள் அதிகம். கணக்கு டீச்சர் வேலை ரொம்ப நாள் காலியாகக் கிடந்து அப்போதுதான் ஒருவர் வந்திருந்தார். வசதி இருந்தவர்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் இருந்த அக்கா, கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுவாள்.

பெற்றோர் கூட்டத்துக்கு அத்தா சண்டைக்குப் போவது போலத்தான் கிளம்பினார். நகராட்சியில் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் தலைமையாசிரியையிடம் காட்டிவிடுவாரோ என்று பயந்து, அம்மா என்னையும் கூட அனுப்பினாள். நான் இருந்தும் பயனில்லை. எங்க பிள்ளைங்கன்னா அவ்வளவு இளப்பமா என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார் அத்தா.

தலைமையாசிரியை கோபப்படவில்லை. புது கணக்கு டீச்சர் தினமும் மதியம் தனி வகுப்பு எடுக்கத் தயாராக இருக்கிறார், ஆனால் மதியம் எல்லா அறையிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பத்தாம் வகுப்பை உட்காரவைக்க இடமில்லை என்றார். பிறகு ஜன்னலைக் காட்டினார்.

“பக்கத்துல அவ்வளவு எடம் சும்மா கெடக்கு சார். நானும் கேட்டுப் பாத்தேன். யாரோ ஒருத்தர் கேஸ் போடப் போறாராம். அது முடியற வரைக்கும் ஸ்கூலுக்குக் குடுக்க முடியாதுன்னுட்டாங்க.”

அந்த யாரோ ஒருத்தர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. நான் பெருமையோடு சொல்ல வாயெடுத்தேன். அத்தா என் கையைப் பிடித்து அழுத்தினார். வீடு வரும்வரை அந்தக் கையை விடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறை நண்பர்கள் இரண்டு பேரோடு மனைக்குள் இறங்கினார். குழாய்களை உருட்டி ஓரமாகச் சேர்த்தார்கள். இரும்புக் கம்பம் நட்டு, மேலே தகரம் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் ஒரு கொட்டகை நின்றுவிட்டது. யாராவது கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து மதியங்களில், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கணக்கு டீச்சரின் குரல் எங்கள் வகுப்புவரை கேட்கும். நல்ல கணீரென்ற குரல். அக்கா வீட்டில் அழுவதைக் குறைத்துக்கொண்டாள்.

பரீட்சை நெருங்கிய சமயம் நகராட்சி இன்ஜினியர் லாரியோடு வந்து, கொட்டகையைப் பிரிக்கச் சொன்னார். யாரோ போன் செய்ய, அத்தா வேலை உடுப்போடு பைக்கில் ஓடிவந்தார். எங்கள் வகுப்பும் அப்போதுதான் விட்டிருந்தது. புத்தகப் பையோடு நான் குழாய் மேல் ஏறி நின்று பார்த்தேன்.

“இன்னா பாய், டீச்சரை முன்னாடி நிறுத்தி எடத்தைத் திருப்பிப் புடிக்கப் பாக்குறியா?” என்றார் இன்ஜினியர்.

கொட்டகைக்குள் பிள்ளைகள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா தலையைக் குனிந்திருந்தாள். அத்தா அவர்களைப் பார்த்தார், பிறகு இன்ஜினியரிடம் திரும்பினார்.

“இது என் எடம் இல்ல சார். பொது எடம். நான் கேஸ் எதுவும் போடப் போறதில்ல, எழுதி வேணும்னாலும் தரேன். எடத்தை ஸ்கூலுக்குக் குடுத்துடுங்க. இப்ப பசங்கள எழுப்பாதீங்க.”

எழுதிக் கொடு என்றார் இன்ஜினியர். டீச்சரின் மேசையிலேயே அத்தா எழுதிக் கையெழுத்துப் போட்டார். லாரி காலியாகத் திரும்பிப் போனது. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

அந்த வருஷம் அக்காவோடு சேர்ந்து அந்த வகுப்பில் பெரும்பாலோர் தேறினார்கள். இப்போது அங்கே பள்ளியின் மாடிக் கட்டடம் நிற்கிறது. அக்கா வேறொரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அத்தாவும் அம்மாவும் இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். பள்ளி மணிச் சத்தம் கேட்கும் தெருவாகப் பார்த்தே ஒவ்வொரு முறையும் வீடு மாறுகிறார்கள். குறையாக அவர்கள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் அன்று எனக்கு அது அத்தாவின் தந்திரம். எங்கள் இடத்தை எங்கள் இடமே இல்லையென்று பொய் சொல்லி இன்ஜினியரை ஏமாற்றி அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். மூச்சிரைக்க முதலில் வீட்டுக்கு ஓடி, நடந்ததை அம்மாவிடம் நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அத்தா உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்வரை வாசலிலேயே நின்றாள்.

“போச்சா?” என்று கேட்டாள்.

“போச்சு” என்றார் அத்தா.

அம்மா சற்று நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டீ போட உள்ளே போனாள். யாருமே பார்க்காதபோதும் இரண்டு பேரும் எவ்வளவு நன்றாக நடிக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.