கம்பிக்கு வெளியே போன அறை

ஃபிஜித் தீவின் பினாங்கில் கரும்பு போட்ட மகேந்திரா, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். வாத்தியார் நாற்காலியில் பலாப்பிசின் தடவிய அன்றோடு படிப்பு முடிந்தது. பிறந்தது, கல்யாணம் கட்டியது, பிள்ளை பெற்றது எல்லாம் குத்தகை நிலத்தில். இரண்டாயிரத்தில் இந்திய வம்சாவளிப் பிரதமரைப் பிணை பிடிக்கத் துப்பாக்கிக்காரர்கள் தலைநகர் சுவாவில் பாராளுமன்றத்துக்குள் போனார்கள். அவர் மகன் யோகேந்திரா ஆக்லாந்துக்குப் போனான். அதே வருஷம் குத்தகையும் போயிற்று.

நிலத்துக்குச் சொந்தக்கார ஃபிஜியக் குலத்திலிருந்து செமி வந்தான். மகேந்திராவோடு யங்கோனா வேர்ச்சாறு குடித்து வளர்ந்தவன். முகத்தைப் பார்க்காமல் முள்கம்பிச் சுருளை இறக்கினான்.

"மகேன் பாய், பெரியவங்க முடிவு. நூத்திருபது மீட்டர். இது சுத்துற இடம் ஒங்களுக்கு, மிச்சம் எங்க கரும்பு. நாலு மூலையும் நேரா இருக்கணும். ட்ராக்டர் வளையாம போகணும்."

கம்பியின் இரண்டு முனையிலும் சிவப்புச் சாயம். சிவப்பும் சிவப்பும் முட்ட வேண்டுமாம், இடையில் ஒட்டுக் கம்பி சேர்க்கக் கூடாதாம்.

"ஒங்க பெரியவங்களுக்கு என்னை அவ்வளவு நல்லாத் தெரியுமாடா?"

"சாயம் என் யோசனை பாய்."

வீட்டு முகப்பிலிருந்து கொல்லைக் கிணறு வரை ஐம்பது மீட்டர். கிணறு வெளியே போனால் குடிக்கிற தண்ணீருக்கும் கை ஏந்த வேண்டும். வீட்டின் அகலம் ஒன்பது. யோகேந்திராவுக்கு என்று பக்கத்தில் ஒட்டிக் கட்டிய தகர அறையோடு பன்னிரண்டு. அவன் வந்துவிடுவான் என்று மனைவி சுஷீலா தினமும் அங்கே படுக்கையைத் தட்டி விரிப்பாள்.

நாலாம் பாரம் படிக்கும் மகள் சாதனா கரித்துண்டால் சுவரில் எழுதினாள்.

"அகலம் எக்ஸ், பப்பா. நீளம் ரெண்டு பக்கமும் நூறு. அகலம் ரெண்டு பக்கமும் ரெண்டு எக்ஸ். கூட்டினா நூத்திருபது. அப்ப ரெண்டு எக்ஸ் இருபது, எக்ஸ் பத்து."

"பன்னெண்டு ஆக்கு."

"ஆகாது."

"கொஞ்சம் மிரட்டிப் பாரு."

"பன்னெண்டு வெச்சா நூத்திருபத்துநாலு வருது. கம்பி நாலு மீட்டர் பத்தல பப்பா."

மகேந்திரா எக்ஸை முறைத்தார். இந்த வாத்தியாருக்கு நாற்காலியும் இல்லை, பிசின் தடவ.

ஆக்லாந்துக்கு போன் போட்டார். 'தொடாதீங்க, வரேன்' என்று மகன் ஒரு வார்த்தை சொன்னால் கிணற்றை விட்டுவிடலாம்.

"இடிச்சிடுங்க பப்பா. நான் எங்க திரும்பி வரப் போறேன்?"

போனை வைத்ததும் சுஷீலா கேட்டாள்: "என்ன சொன்னான்?"

"வந்ததும் பெருசாக் கட்டிக்கிறானாம்."

"நான் அப்பவே சொன்னேன், அவன் காலு நீட்டினா செவுத்துல இடிக்குதுன்னு."

தகரத்தையும் பலகையையும் அவரே பிரித்தார். கம்பி சுற்றியது, சிவப்பும் சிவப்பும் முட்டின. அறையின் சிமெண்டுத் தரையில் ஒரு மீட்டர் உள்ளே, இரண்டு மீட்டர் வெளியே. சுஷீலா காலையில் கம்பிக்கு அடியில் குனிந்து போய் அந்த இரண்டு மீட்டரையும் பெருக்கிவிட்டு வருவாள். மகேந்திரா தடுக்கவில்லை. எதைச் சொல்லித் தடுப்பது?

உழவுக்கு செமிதான் ட்ராக்டர் ஓட்டி வந்தான். கம்பியோரமாக நேராக வந்தவன் சிமெண்டுத் தரையைக் கண்டதும் வண்டியை ஒடித்து, அதைச் சுற்றி வளைந்து போனான். திரும்பி வரும்போதும் வளைந்தான்.

"வளையுதேடா!" என்று மகேந்திரா கத்தினார். ட்ராக்டர் சத்தத்தில் செமிக்குக் கேட்டிருக்காது.